வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

வாங்க தம்பி, உள்ளே வாங்க. செருப்பைக் கழற்ற வேண்டாம், கடைதானே. அளவுச் சட்டை கொண்டு வந்திருக்கீங்களா? நல்லது. பாப்பாவையே அழைத்து வந்திருக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நிற்க வைத்து அளவெடுப்பதும் ஓடுகிற கோழிக்கு அளவெடுப்பதும் ஒன்றுதான். இந்தச் சட்டை போதும். இரண்டு விரல் கூட்டித் தைத்து, மடிப்பை உள்ளே விட்டுவைக்கிறேன். அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம்.

எந்தப் பள்ளிக்கூடம்? பாண்டிப் பள்ளிக்கூடமா? துணியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் வாயால் ஒரு தடவை கேட்கலாம் என்றுதான் கேட்டேன். தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் சட்டை தைத்தே வந்துவிடும். தோள் ஓர் ஊரில் இருக்கும், கை ஓர் ஊரில் இருக்கும், அதைப் பிரித்துச் சரிசெய்ய என்னிடம் வருவார்கள். பாண்டியில் துணியாகக் கொடுப்பார்கள். அதைத் தைக்கவும் என்னிடம்தான் வருவார்கள். இரண்டு அரசாங்கத்துப் பிள்ளைகளும் என் கை பட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உட்காருங்க. அவசரம் இல்லையே? நீங்கள் ஊருக்குப் புதுசு. மேற்கே கம்பெனியில் வேலை, சம்பந்தம் வீட்டு மாடியில் வாடகைக்கு வந்திருக்கீங்க. எனக்குத் தெரியும். இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் உங்களுக்கு இந்த ஊர் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

வாசலில் இந்தத் தெரு போகிறது. தெருவுக்கு அந்தப் புறம் வாய்க்கால். வாய்க்கால் வரைக்கும் தமிழ்நாடு, மதகைத் தாண்டினால் பாண்டி. என் கடையும் வீடும் தமிழ்நாடு. உங்கள் மாடி பாண்டி. நீங்கள் அங்கே துணி காயப்போட்டால் எனக்கு இங்கே தெரியும், ஆனால் உங்களுக்கு ஒரு முதலமைச்சர், எனக்கு ஒரு முதலமைச்சர். அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் மறுபடி தமிழ்நாடு வந்துவிடும். அப்புறம் மறுபடி பாண்டி. துணி வெட்டும்போது கத்தரி நழுவினால் இப்படித்தான் வரும்.

இதில் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். யாரும் விசாரிப்பதில்லை.

பாண்டி என்பது ஒரே ஊர் இல்லை, தம்பி. நாலு துண்டு. இங்கே ஒன்று, காரைக்கால் ஒன்று, கேரளாவுக்குள்ளே மாகே, ஆந்திராவுக்குள்ளே ஏனாம். கல்விக்கு ஒரு மந்திரி, ஒரு அலுவலகம். ஆனால் சொந்தமாக ஒரு பாடப்புத்தகம் கிடையாது. நமக்கும் காரைக்காலுக்கும் தமிழ்நாட்டுப் புத்தகம். மாகேயில் கேரளப் புத்தகம். ஏனாமில் ஆந்திரப் புத்தகம். வாத்தியாருக்குச் சம்பளம் இவர்கள் கொடுப்பார்கள், பரீட்சைக்குக் கேள்வித்தாள் பக்கத்து வீட்டிலிருந்து வரும். ரொம்ப காலம் இப்படித்தான் ஓடியது. இப்போது அதையெல்லாம் எடுத்துவிட்டு, நாலு துண்டுக்கும் சேர்த்து சி.பி.எஸ்.இ. கொண்டுவந்துவிட்டார்கள். டெல்லிப் புத்தகம்.

சின்ன இடம் என்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதிகாரியை நேரில் பார்க்கலாம். ஏதாவது ஒன்று என்றால் காலையில் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தமிழ்நாடு அப்படியா? பெரிய கடல். அதில் நம்மை யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் நான் கவனித்து வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றால் முதலில் என் கடைக்கு வருவார்கள். ‘தெய்வசிகாமணியைக் கேளு’ என்பார்கள். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் நன்றியோடு இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. எலெக்ட்ரிக் கடை குணசேகரன் தன் பையனுக்கு என்னிடம்தான் யோசனை கேட்டான். இப்போது துணி தைக்க பாகூர் வரைக்கும் போகிறான். என்ன கோபமோ. கேட்டால் சொல்வதில்லை.

ஊர்க்காரன் கோபம் எனக்குப் பெரிதில்லை, தம்பி. என் வீட்டுக்குள்ளேயே ஒரு வேலை நடந்திருக்கிறது. யாரிடம் சொல்வது? உங்களைப் பார்த்தால் படித்தவராகத் தெரிகிறது. நீங்களே நியாயம் சொல்லுங்க.

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் சுபாஷிணி, போன வருஷம் பன்னிரண்டு முடித்தாள். சின்னவள் லக்‌ஷிதா, இந்தத் தெருக்கோடியில் தமிழ்நாட்டுப் பள்ளியில் ஆறாவது முடித்துவிட்டு ஏழாவது போகிறாள். பாண்டிப் பக்கம் இப்போது சி.பி.எஸ்.இ. வந்துவிட்டதே, சின்னவளை அங்கே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல யோசனைதானே? நேற்றுக் காலையில் டி.சி. வாங்கப் போனேன்.

எச்.எம். பிலோமினா டீச்சர். ரொம்ப வருஷமாக இங்கேயே இருக்கிறார். அவருடைய ரவிக்கை எல்லாம் நான்தான் தைக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“வாங்க சிகாமணி. உங்களத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கேன்.”

“எனக்கு முன்னாடியே தெரியுமா டீச்சர்?”

“தெரியும். டி.சி. கேட்டு வந்திருக்கீங்க. எழுதிக் குடுங்க, தர மாட்டேன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா உங்க வீட்டம்மாவும் வந்து கையெழுத்துப் போடட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க.”

“இது என்ன டீச்சர் புதுசா? பெரியவளுக்கு நான் ஒருத்தன் கையெழுத்துலயே குடுத்தீங்களே.”

“குடுத்தேன்” என்றார். “அதனாலதான் இப்பக் கேக்கறேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார்: “முந்தாநாள் சுபாஷிணி வந்துட்டுப் போனா. வேலைக்குப் போற வழியில, யூனிபார்மோட வந்து நின்னா. ‘டீச்சர், தங்கச்சி டி.சி.ய மட்டும் எங்க அப்பாகிட்ட குடுத்துடாதீங்க’ன்னா. வேற ஒண்ணும் பேசல. போயிட்டா.”

கேட்டீங்களா? நான் பெற்ற பெண். என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். மூன்றாம் மனுஷியிடம் போய் ‘குடுக்காதீங்க’ என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்து அஞ்சலாட்சியிடம், அதுதான் என் சம்சாரம், ‘வா, வந்து ஒரு கையெழுத்துப் போடு’ என்றேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்குக் கை ஈரம்” என்றாள். நேற்றிலிருந்து அவளுக்குக் கை ஈரமாகவே இருக்கிறது.

இல்லை, இதற்குக் காரணம் இருக்கிறது. மறைக்கவில்லை. பெரியவளுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். முழுசாகக் கேட்டால்தான் உங்களுக்கு விளங்கும்.

சுபாஷிணி அஞ்சாவது வரைக்கும் தெருக்கோடிப் பள்ளியில்தான் படித்தாள். நடந்து போய்விடுவாள். மணி அடித்த பிறகு கிளம்பினால்கூடப் பிரார்த்தனைக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நான்தான் விசாரித்து, ஆறாவதுக்குப் பாண்டிப் பள்ளியில் மாற்றினேன். ஏன் என்று கேளுங்க. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனி பஸ். ஒரு ரூபாய் டிக்கெட். எங்கேயாவது உண்டா? காலையில் பால் கொடுப்பார்கள். அப்போது அங்கேயும் தமிழ்நாட்டுப் புத்தகம்தான். அதே பாடம், அதே அட்டை. ஒன்றும் நஷ்டமில்லை, பஸ் லாபம். என் மச்சான் அப்போது மதகுக்கு அந்தப் பக்கம் இருந்தான், அவன் வீட்டு விலாசம் கொடுத்துச் சேர்த்தேன்.

அந்தப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தாள். நடுவில் கொரோனா வந்து பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது வேறு விஷயம். அந்தச் சமயத்தில்தான் நியூஸில் சொன்னார்கள், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பில் தனி ஒதுக்கீடு என்று. பிறகு மற்றப் படிப்புகளுக்கும் வந்தது. நான் விடுவேனா? ஒன்பதாவதுக்கு டி.சி. வாங்கி, மறுபடி இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நாலு வருஷம் அரசுப் பள்ளி. போதாதா? அப்போதே பிலோமினா டீச்சர் ஆறாவது, ஏழாவது என்று ஏதோ சொன்னார். சேர்க்க மனசில்லாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் டீச்சர்’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டேன். நான் போய் நின்றால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்கவில்லையே நீங்கள். கால்நடை மருத்துவம். மாட்டு டாக்டர். சிரிக்காதீங்க. அந்தக் காலேஜில் இடம் கிடைப்பது லேசு இல்லை.

அந்த ஆசை எப்படி வந்தது என்றால், அவள் ஏழாவது படிக்கும்போது பக்கத்து வீட்டுப் பசு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. கிட்டத்தில் இருப்பது பாண்டியின் கால்நடை மருந்தகம். ஓடிப்போய்ச் சொன்னால், அங்கே இருந்த ஆள், “மாடு எந்தப் பக்கம்?” என்று கேட்கிறான். “தமிழ்நாடு” என்றதும், “எங்களுக்கு எல்லை மதகோட முடிஞ்சுது” என்கிறான். பசுவுக்கு ரேஷன் கார்டு எடுக்காமல் விட்டது எங்கள் தப்புத்தான். அப்புறம் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். சின்ன வயசு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பினார். சுபாஷிணியைக் கூப்பிட்டு, “பாப்பா, காலைப் பிடி, நான் சொல்லும்போது இழு” என்றார். இழுத்தாள். கன்று வெளியே வந்து விழுந்தது. மூச்சு இல்லை. டாக்டரம்மா ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து அதன் மூக்கில் விட்டார். தும்மிற்று பாருங்க! அன்றைக்கு ராத்திரி முழுக்க என் பெண் அதையே பேசிக்கொண்டிருந்தாள். “அப்பா, தும்மிச்சுப்பா. துரும்பு விட்டதும் தும்மிச்சுப்பா.” நான் தைத்துக்கொண்டே ‘ம், ம்’ என்று கேட்டேன். அப்போதெல்லாம் வாய் ஓயாது அவளுக்கு.

அதிலிருந்து அதே நினைப்பு. தெருவில் நொண்டுகிற நாயைக்கூட விடமாட்டாள். பன்னிரண்டில் நல்ல மார்க். பிலோமினா டீச்சரே மார்க்கைப் பார்த்துவிட்டு, “பொதுப் பட்டியல்ல கொஞ்சம் கஷ்டம்தான். ஒதுக்கீட்டுல இருந்திருந்தா நிச்சயம்” என்றார். ‘இருந்திருந்தா’ என்றார். நான் அதை அப்போது கவனிக்கவில்லை. நிச்சயம் என்பதுதான் காதில் விழுந்தது. அன்றைக்கே வரும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன்.

விண்ணப்பம் போட கம்ப்யூட்டர் சென்டருக்கு நானும் அவளும் போனோம். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து எல்லாருக்கும் போட்டுக்கொடுக்கிறாள். பேர், ஊர் எல்லாம் கேட்டாள். பிறகு அரசுப் பள்ளி ஒதுக்கீடு வந்தது.

“ஆறாவது எந்த ஸ்கூல்?”

“அரசுப் பள்ளிதாம்மா, போடு” என்றேன் நான்.

“அது சரி சார், எந்த ஊர்?”

சுபாஷிணி ஊர்ப் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் தட்டுவதை நிறுத்தினாள். “அது பாண்டி இல்ல? தமிழ்நாட்டு ஸ்கூல்ல ஆறாவதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் தொடர்ந்து படிச்சிருக்கணும் சார். உங்களுக்கு மூணு வருஷம் இல்லியே.”

“இல்லாம எங்கம்மா போச்சு? படிச்சாளே. பாஸ் பண்ணியிருக்காளே. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படிச்சா, அவ்வளவுதான்.”

“நான் என்ன சார் பண்றது?”

அதற்குப் பிறகு என் பெண் கேட்டாள். அந்தக் கடையில், எல்லார் முன்னாலும். சத்தமாகக்கூட இல்லை. “அப்பா, நீங்க ஒண்ணுமே பண்ணாம, நான் இங்கேயே இருந்திருந்தா?”

நான் சொன்னேன்: “இங்கேயே இருந்திருந்தா ஒரு ரூபா பஸ் கிடைச்சிருக்குமா உனக்கு?”

அவள் சான்றிதழை எல்லாம் அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நியாயமான கேள்விதானே நான் கேட்டது.

நான் சும்மா இருக்கவில்லை, தம்பி. அடுத்த நாளே பாண்டிக்கு பஸ் ஏறினேன். அங்கேயும் ஏதோ ஒதுக்கீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். சின்ன இடம், நேரில் பார்க்கலாம் என்று சொன்னேன் இல்லையா? பார்த்தேன். நல்ல மரியாதை. உட்கார வைத்துத்தான் பேசினார். “ஐயா, இங்கேயே முழுசும் படிச்ச பிள்ளைங்களுக்குத்தான் ஐயா அது” என்றார். “நீங்க நடுவுல எடுத்துட்டுப் போயிட்டீங்களே.”

அவரிடம் ஒன்று கேட்டேன். இன்றைக்கும் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரே அரசாங்கத்தின் பள்ளியில் படித்த பிள்ளைக்கு ஒரு சலுகை என்றால், இரண்டு அரசாங்கத்தின் பள்ளியிலும் படித்த பிள்ளைக்கு இரண்டு சலுகை அல்லவா கொடுக்க வேண்டும்? என் பெண்ணுக்கு ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் இந்த மதகின் மேல் ஒருநாள் வந்து நின்று பார்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா? அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டீ சாப்பிடறீங்களா?” என்றார்.

மறுபடி அடுத்த வருஷம் போடலாமே என்கிறீர்களா? மார்க் குறைந்தால் மறுபடி எழுதலாம். ஆறாம் வகுப்பை மறுபடி படிக்க முடியாதே. அவள் பாட்டி வயசு ஆனாலும் ஆறாவது அங்கேதான் படித்தாள் என்று இருக்கும். பணம் கட்டிப் படிக்கிற காலேஜ் நமக்கு எட்டாது. கலைக் கல்லூரியில் வரலாறு கிடைத்தது. “வேண்டாம்” என்றுவிட்டாள். ஒரு வாரம் கழித்து மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. மாத்திரையை அட்டை அட்டையாக எண்ணிப் பெட்டியில் போடுகிற வேலை. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை. அங்கே நல்ல பேர் அவளுக்கு. ‘வேலை நேரத்துல ஒரு பேச்சு கிடையாது’ என்று சூப்பர்வைசரே சொன்னாராம்.

வீட்டிலும் அப்படித்தான். ரொம்பப் பக்குவம் வந்துவிட்டது. வேலைக்குப் போனால் பிள்ளைகளுக்கு வரும் பக்குவம். அம்மாவிடம் தேவைக்கு இரண்டு வார்த்தை. தங்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுப்பாள். என்னிடம் தொந்தரவே இல்லை. தண்ணீர் வேண்டும் என்று நான் கேட்பதற்குள் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். சில நாள் நானே வேண்டுமென்று நூல் எங்கே, கத்தரி எங்கே என்று கேட்பேன். எடுத்துக் கையில் கொடுப்பாள். ‘இந்தாங்க’ என்றுகூடச் சொல்வதில்லை. அவ்வளவு அடக்கம்.

அப்படிப்பட்ட பெண் டீச்சரிடம் போய் இப்படிச் சொல்லியிருக்கிறாளே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதோ, இந்தத் தையலைப் பாருங்க. கழுத்துப்பட்டி நேராக வந்திருக்கிறதா? நல்லது. ஒரு தையல் தப்பாக விழுந்தால் பிரித்துவிட்டு மறுபடி போடுகிறோம். துணி ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை.

நேற்றுச் சாயங்காலம் சின்னவளையே கூப்பிட்டுக் கேட்டேன். “லக்‌ஷி, உனக்கு அந்த ஸ்கூல் பிடிக்குமா? கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கும். இங்கிலீஷ்ல பேசலாம். டெல்லிப் புத்தகம்.” அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். “நான் இங்கேயே இருக்கேம்ப்பா” என்றாள். “யார் சொல்லிக்குடுத்தா?” என்றேன். “யாரும் இல்ல. எனக்கு இங்க நடந்தே போயிடலாம்.” என்ன வயசு அவளுக்கு? நாளைக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? நாம்தானே முன்னே பார்த்துச் செய்ய வேண்டும். பெரியவள் விஷயத்தில் ஒதுக்கீடு ஒதுக்கீடு என்று போய்த்தானே கெட்டது? அதனால் இந்தத் தடவை ஒதுக்கீட்டையே நம்பப் போவதில்லை. பாடத்திட்டத்தைப் பார்த்துச் சேர்க்கிறேன். தமிழ்நாட்டு ஒதுக்கீடு கையை விட்டுப் போனால் போகட்டும். பாண்டியில் நாளைக்கு வேறு ஏதாவது கொண்டுவருவார்கள். சின்ன இடம், சட்டத்தைச் சீக்கிரம் மாற்றுவார்கள்.

நீங்களும் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. பாப்பா அஞ்சாவது வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். ஆறாவது சேர்க்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதுவும் செய்துவிடாதீங்க. அப்போது எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அதிருக்கட்டும், தம்பி. உங்களால் எனக்கு ஒரு உதவி ஆகணும். பெரிய உதவி இல்லை. பாண்டிப் பள்ளியில் இப்போதும் அந்தப் பக்கத்து விலாசம் கேட்கிறார்கள். என் மச்சான் வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். நீங்கள் இருக்கிற மாடி பாண்டிக் கணக்கு. லக்‌ஷிதா உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் போதும். அங்கே யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. அஞ்சலாட்சி கையெழுத்தைப் பற்றிக் கவலைப்படாதீங்க. எத்தனை நாளைக்குக் கை ஈரமாக இருக்கும்?

என்ன தம்பி, வீட்டுக்காரரைக் கேட்கணுமா? சம்பந்தம் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான்தான்…

“ஏங்க, அந்தத் தம்பிய விடுங்க. துணியத் தச்சுக் குடுத்து அனுப்புங்க.”

கேட்டுச்சா? உள்ளேயிருந்து. நேற்றிலிருந்து என்னிடம் அவள் பேசிய நீளமான பேச்சு இதுதான். நீங்க கண்டுகொள்ளாதீங்க. பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

கொஞ்சம் இருங்க. மதகுகிட்ட வேன் நிற்கிற சத்தம் கேட்கிறது. பெரியவள்தான், ஷிப்ட் முடிந்து வருகிறாள். நீங்களே பாருங்க, எவ்வளவு அமைதியான பெண் என்று. இந்த விலாசப் பேச்சு அவள் காதில் விழ வேண்டாம்.

வாம்மா. இவர் சம்பந்தம் வீட்டு மாடிக்கு வந்திருக்கிறார். பாப்பாவுக்குத் துணி தைக்க வந்தார்.

“பாப்பாவோடதாண்ணா இது?”

ஆமாம், அவர் பாப்பாவுடையதுதான். ஒன்றாவது. பாண்டியில் சேர்த்திருக்கிறார்.

“பேர் என்னண்ணா?… நல்ல பேர். எந்த ஸ்கூல்ல சேத்தீங்களோ அங்கேயே இருக்கட்டும்ணா. நல்ல ஸ்கூல்தான், நான் அங்க படிச்சிருக்கேன். நடுவுல எடுத்துடாதீங்க. யார் சொன்னாலும் எடுக்காதீங்க. எங்க அப்பா சொன்னாலும்.”

உள்ளே போய்விட்டாள்.

கேட்டீங்களா, தம்பி? ‘எங்க அப்பா’ என்றாள். கம்ப்யூட்டர் சென்டரில் அன்றைக்கு ‘அப்பா’ என்று கூப்பிட்டதுதான் கடைசி. அதற்கப்புறம் அவள் வாயால் அந்தச் சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். உங்களிடம்தான் சொன்னாள், சரி. ஆனால் நான் இங்கேதானே உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். மனசு இளகுகிறது. அப்படித்தானே? நீங்கள் வெளி ஆள், உங்களுக்குச் சரியாகத் தெரியும். சொல்லுங்க, அது கோபமாகவா இருந்தது?

சரி, விடுங்க. தைத்தாகிவிட்டது. பட்டன் மட்டும் பாக்கி, அதையும் இப்போதே வைத்துவிடுகிறேன். நீங்கள் அதற்குள், இந்தாங்க பென்சில், இந்தத் துண்டுத் துணியில் எழுதினாலும் போதும். தெருப் பேர் எனக்குத் தெரியும். மாடி வீட்டின் கதவு எண் மட்டும். வாயால் சொல்ல வேண்டாம், தம்பி. உள்ளே கேட்கும்.